செவிக்கும் எட்டட்டும் எழுத்து

எங்கள் ஊர் கழுகுமலை. ஊர்ப் பெயரைச் சொன்னதும் எவருக்கும் நினைவுக்கு வருவது, ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில். அதே குன்றின் மற்றொரு பக்கத்தில், பாறைச் சரிவில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் அமைந்துள்ளன. அவற்றின் கீழே, உருவத்தைச் செய்வித்தவர் யார் என்ற செய்தி வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. அவை கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று வரலாற்று ஆசிரியை சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த எழுத்துகள் வெறும் பாறைக் கீறல்களாகவே தோன்றி வந்தன.

இவ்வாண்டு காலாண்டுத் தேர்வு விடுமுறையில் அக்கா ஒருவரை அழைத்துக்கொண்டு மலை ஏறினோம். அவர் எங்கள் பள்ளியிலேயே படித்தவர். எட்டாம் வகுப்பில் மங்கத் தொடங்கிய பார்வை, பள்ளிப் படிப்பு முடிவதற்குள் முற்றிலும் அணைந்துவிட்டது. அவர் கல்வியோ அணையவில்லை. கல்லூரிப் பட்டம் பெற்று, இப்போது அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். படிகளில் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவரை மேலே கூட்டிச் சென்றோம். பாறை அருகே நின்றதும், விரல் நுனியை மெல்ல ஓர் எழுத்தின் மேல் ஓட்டிப் பார்த்தார்.

"இது வட்டமா ஓடுது, இங்க வளைஞ்சு கீழ இறங்குது" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஏ பிள்ளைகளா, ஆயிரத்து இருநூறு வருசத்துக்கு முன்னால வெட்டின எழுத்து என் விரலுக்குத் தட்டுப்படுது. நீங்க போன வருசம் போட்ட ஆண்டு மலர்ல ஒரு எழுத்துகூட எனக்குக் கிடைக்கலையே!" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எங்களுக்கோ முகம் வாடிவிட்டது. சென்ற ஆண்டு மலர் அச்சாகி வந்த பின், அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, ஒரே கோப்பாக்கி, இணையத்திலும் ஏற்றியிருந்தோம். பழைய மாணவியர் எங்கிருந்தாலும் படித்து மகிழட்டும் என்பதே நோக்கம். அக்காவும் பழைய மாணவிதானே? ஆவலோடு தம் கைப்பேசியில் திறந்திருக்கிறார். பேசும் கைப்பேசி என்ன சொன்னது தெரியுமா? "பக்கம் ஒன்று, படம். பக்கம் இரண்டு, படம். பக்கம் மூன்று, படம்." கடைசிப் பக்கம் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு மூடி வைத்தாராம். அந்த மலரில் எங்களுள் நால்வர் எழுதிய கட்டுரைகள் இருந்தன. அவற்றை ஊருக்கே கொடுத்தோம் என்று நினைத்திருந்தோம். எங்கள் அக்காவுக்குக் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

காதால் படிப்பது எப்படி?

பார்வையற்றோர் கணிப்பொறியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று எங்களுள் பலருக்குத் தெரியாது. உங்களுள்ளும் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் நிரல்கள் உள்ளன. அவற்றைத் திரைவாசிப்பான் என்பர். விபத்தொன்றில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்பவர் அமெரிக்காவில் உருவாக்கிய 'ஜாஸ்' 1989இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர்களான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவரின் முயற்சியில் 2006இல் பிறந்த 'என்.வி.டி.ஏ.'யை எவரும் இலவசமாகப் பெறலாம். அது தமிழும் பேசும். ஆண்டிராய்டு கைப்பேசியிலோ 'டாக்பேக்' என்ற வசதி உள்ளது. அக்காவிடம் இருப்பதும் அதுவே.

அவர் கைப்பேசி பேசும் வேகத்தைக் கேட்டபோது எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பொரிகடலை வறுபடுவது போல் இருந்தது. அக்காவோ, "இது மெதுவா வச்சிருக்கேன்" என்றார்! திருவள்ளுவர் 40ஆம் அதிகாரத்துக்குக் 'கல்வி' என்றும், 42ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்றும் பெயர் வைத்தார். கண்ணால் கற்பது போலவே காதால் கேட்பதும் அறிவு பெறும் வழியே என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். ஆகவே, காதால் படிப்பதைக் குறைந்த படிப்பு என்று எவரும் எண்ண வேண்டா.

இத்தகைய கருவியின் துணையால் எவ்வளவு உயரலாம் என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன் அவர்களே சான்று. லிட்டில் ஃபிளவர் கான்வென்டில் பயின்று, ஸ்டெல்லா மாரிஸ், லயோலா கல்லூரிகளில் கற்ற அவர், குடிமைப் பணித் தேர்வில் வென்று 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பார்வையை முழுமையாக இழந்தவர்களுள் அப்பணிக்குத் தேர்வான முதல்வர் அவரே. தாயார் படித்துக் காட்டியவை பாதி, 'ஜாஸ்' படித்துக் காட்டியவை பாதி என்று அவர் வெற்றியைச் சொல்லலாம். நம்மைப் போன்ற ஒரு கான்வென்ட் மாணவி அவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு அன்றோ?

ஆனால், கருவி எவ்வளவு திறமையாகப் பேசினாலும், பக்கத்தில் இருப்பதைத்தான் பேச முடியும். இல்லாததை எங்கிருந்து எடுத்துச் சொல்லும்? கண்ணால் பார்ப்பவர் ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் அளந்துவிடுவார். எது தலைப்பு, எது விளம்பரம், எங்கே பொத்தான் என்று அவருக்கு உடனே தெரியும். காதால் படிப்பவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்வார். எழுத்தைப் பெரிதாகப் போட்டால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. 'இது தலைப்பு' என்று பக்கத்தின் உள்ளே குறித்திருக்க வேண்டும். அப்படிக் குறிக்காவிட்டால், வேண்டிய ஒரு வரிக்காக முழுப் பக்கத்தையும் கேட்டாக வேண்டும். படத்துக்கு விளக்கம் எழுதாவிட்டால் 'படம்' என்று மட்டும் சொல்லும். பொத்தானுக்குப் பெயர் இல்லாவிட்டால் 'பொத்தான்' என்று மட்டும் சொல்லும். எதற்கான பொத்தான்? பணம் செலுத்தவா, விண்ணப்பத்தை அழிக்கவா? அதைத் துணிந்து அழுத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும்!

தமிழுக்கு வந்த தனித் தொல்லை

ஆங்கிலப் பக்கங்களுக்கு உள்ள குறைகள் தமிழுக்கும் உண்டு. அவற்றின் மேல் தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லையும் சேர்ந்துகொண்டது. கணிப்பொறியில் தமிழ் அச்சுக் கோக்கத் தொடங்கிய காலத்தில், ஆளுக்கொரு எழுத்துருவைச் செய்தனர். திரையில் தமிழ் தெரியும். உள்ளேயோ ஆங்கில எழுத்துகள் ஒளிந்திருக்கும். எடுத்துக்காட்டாக, 'பாமினி' எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கணிப்பொறி உள்ளே வைத்திருப்பது 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஐந்து குறிகளை. கண்ணுக்கு அம்மா, காதுக்கு எம் கே கே எச்! அம்மா என்ற சொல்லே இப்படி உருக்குலைந்தால் மற்றவற்றைப் பற்றி என்ன சொல்வது?

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியீட்டில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. தமிழ்நாடு அரசு, கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010ஆம் ஆண்டு சூன் மாதத்தில், யூனிகோடையும் டேஸ்-16 என்பதையும் அரசின் எழுத்துக் குறியீடுகளாக ஏற்று ஆணையிட்டது. யூனிகோடில் அடித்த தமிழைத் திரைவாசிப்பான் தடையின்றிப் படிக்கும். எனினும், அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. அறிவிப்புகளும் சுற்றறிக்கைகளும் முத்திரையிட்டுப் படம் பிடிக்கப்பட்டு, படமாகவே இணையத்தில் ஏறுகின்றன.

இதற்கு நேர்மாறான ஒரு நற்செயலையும் சொல்லியாக வேண்டும். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பெற்றது. ஊதியம் எதுவும் பெறாத அன்பர்கள் பல நாடுகளில் இருந்தபடி, திருக்குறளில் தொடங்கி நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை எழுத்தாகவே தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தனர். பின்னர் அவை யூனிகோடுக்கும் மாற்றப்பட்டன. பார்வையற்றோருக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. எல்லாருக்குமாகச் செய்தனர். ஆனால், எழுத்தை எழுத்தாக வைத்ததால் அது பார்வையற்றோருக்கும் எட்டியது. அக்கா சிலப்பதிகாரத்தை முழுமையாகக் 'கேட்டது' அவ்வாறுதான். எங்களுக்கு முன்னே அவர் அதைப் படித்து முடித்துவிட்டார் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

மதிப்பெண்ணை முதலில் பார்த்தது யார்?

"யாராவது படித்துக் காட்டினால் போயிற்று, இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் கேட்டோம். "அக்கா, மலரை நாங்களே உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறோம்" என்றோம். அவர் உடனே மறுமொழி சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார்.

ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இணையதளத்தில் பெயர், முகவரி எல்லாம் அவரே நிரப்பிவிட்டார். கடைசியில், நெளிந்து கிடக்கும் எழுத்துப் படம் ஒன்றைப் பார்த்து அதில் உள்ளதை அடிக்கச் சொன்னது. 'கேப்ட்சா' என்பார்களே, அதுதான். விண்ணப்பிப்பவர் மனிதர்தாமா, இயந்திரமா என்று அறிய வைத்த சோதனை. அக்காவால் அதைப் பார்க்க இயலவில்லை. ஒலியாகக் கேட்கும் வழியும் அதில் இல்லை. அந்தத் தளத்தின் கணக்கில் அவர் மனிதரே அல்லர்! அதற்குள் நேரம் முடிந்தது என்று பக்கமும் மூடிக்கொண்டது. வேறு வழியின்றிக் கணிப்பொறிக் கடைக்குப் போய், முன்பின் அறியாத ஒருவரிடம் தம் கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணையும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கடவுச்சொல் எங்க அம்மாவுக்கே தெரியாது. கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளைதான். ஆனா அவன் நல்ல பிள்ளையா இருந்தாத்தான் நான் பிழைக்கலாம்னு இருக்கக்கூடாதுல்லா?" என்றார் அக்கா. முடிவு வெளியான நாளிலும் அப்படியே. "என் மதிப்பெண்ணை முதல்ல பார்த்தது நான் இல்ல. பக்கத்து வீட்டு மாமா பார்த்து, 'அடடா'ன்னாரு. அந்த 'அடடா' சந்தோசமா வருத்தமான்னு தெரியாம நான் நின்னேன்."

தோழியரே, நாம் பத்தாம் வகுப்பு மாணவியர். இவ்வாண்டு நாமும் பொதுத் தேர்வு எழுதுகிறோம். முடிவு வெளியாகும் காலைப்பொழுதை இப்போதே எண்ணி எண்ணித் தூக்கம் கெட்டுக் கிடக்கிறோம். பதிவெண்ணை அடித்துவிட்டு, பக்கம் திறக்கும் அந்த ஒரு நொடி நம்முடையது. அது மகிழ்ச்சியோ துயரமோ, நம்முடையது. அதை நமக்கு முன்னே இன்னொருவர் பார்த்து 'அடடா' என்றால் நமக்கு எப்படி இருக்கும்? படித்துக் காட்டும் உதவி நல்லதே. ஆனால், கேட்டுப் பெறும் உதவி வேறு, வேறு வழியே இல்லாமல் ஏற்கும் உதவி வேறு. தன் கடிதத்தைத் தானே படிப்பதும், தன் கதவைத் தானே திறப்பதும் ஒருவரின் மதிப்பைச் சேர்ந்தவை. கதவைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே தூக்கிச் செல்ல ஆள் அனுப்புவது இரக்கம் ஆகலாம், நீதி ஆகாது. இணையதளத்தை எல்லாருக்கும் எட்டும்படி அமைப்பது இரக்கத்தின் பாற்பட்டது அன்று, நீதியின் பாற்பட்டது என்பதே எங்கள் கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டின் சட்டமும் இவ்வாறே சொல்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை ஊனங்களே கணக்கில் கொள்ளப்பட்டன. 2016ஆம் ஆண்டு நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 வகையாக விரித்தது. அதன் 42ஆம் பிரிவு, தகவலும் தொடர்புச் சாதனங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி அரசு செய்ய வேண்டும் என்கிறது. குறளில் 42ஆவது 'கேள்வி', சட்டத்தில் 42ஆவது கேட்கும் உரிமை! இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்தவள் எங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தோழி என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

சட்டம் இருந்தும் வேகம் போதவில்லை. 2017ஆம் ஆண்டு விதிகளில் இவ்வசதிகள் வெறும் பரிந்துரைபோல் எழுதப்பட்டிருந்தன. 2024 நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று தள்ளி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. அடுத்து, 2025 ஏப்ரல் 30ஆம் நாள் மற்றொரு தீர்ப்பு வந்தது. ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண்மணி ஒருவர் வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றபோது, கைப்பேசிப் படக்கருவியின் முன் கண்ணை இமைத்துக் காட்டச் சொன்னார்களாம். இமைக்க முடியாத கண்களை உடையவர் அவர். பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் இத்தகைய இடர்களைக் கூறி வழக்குத் தொடுத்திருந்தார். நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் இருவரும், இணைய வழிச் சேவைகளை அடைவது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தனர். வாழ்வுரிமை என்ற பெரிய சொல்லுக்குள், ஒரு சிறிய பொத்தானின் பெயரும் அடங்கும் என்பதை இத்தீர்ப்பு நமக்கு உணர்த்துகிறது.

'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லை 2010இல் தமிழ்நாடு அரசு வழக்கில் கொண்டுவந்தது. அது பண்பான மாற்றமே. ஆனால், பெயரை மாற்றிய நாம் பக்கத்தையும் மாற்ற வேண்டாமா? அழகிய பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு, வாசலில் நிறுத்தி வைப்பது முறையா?

சொல்லப்படும் தடைகள்

"எத்தனை பேருக்காக இந்த உழைப்பு?" என்பது முதல் தடை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 இலட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். இது சிறு தொகை அன்று. அது சிறு தொகையாகவே இருந்தாலும், ஒருவருக்கும் உரிமை உரிமையே. மேலும், இவ்வசதிகளால் பயன் பெறுவோர் இவர்கள் மட்டும் அல்லர். காது கேளாதவருக்காகக் காணொளியின் கீழே எழுத்து ஓடவிட்டால், பேருந்து இரைச்சலில் உள்ளவருக்கும் அது புரியும். பட்டாசு விபத்தில் விரல்களை இழந்தவர்கள் நம் கரிசல் வட்டாரத்தில் உண்டு. சுட்டி இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் இயக்கும்படி ஒரு தளம் இருந்தால் அவர்களுக்கு அது பேருதவி. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து நகரத்து அறைக்குள் அழகாக இருக்கலாம். சித்திரை வெயிலில் பருத்திக்காட்டு வரப்பில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் தாத்தாவுக்கு அது தெரியுமா?

"பெருஞ்செலவு ஆகுமே!" என்பது இரண்டாம் தடை. கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைத்துச் சாளரம் வைத்தால் செலவுதான். கட்டும்போதே வைத்தால் அது வீட்டின் ஒரு பகுதி. உலகளாவிய இணையக் கூட்டமைப்பு இதற்கான வழிகாட்டு நெறிகளை 1999ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டது. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு அவற்றை நான்கு பண்புகளில் அடக்கியது. பக்கத்தில் உள்ளது புலன்களுக்கு எட்ட வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எக்கருவியிலும் நிலைக்க வேண்டும். இவை நான்கும் எல்லாருக்கும் தேவையானவையே அன்றோ? 'வெப்எய்ம்' என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் 10 இலட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025ஆம் ஆண்டில் அவற்றுள் 94.8 விழுக்காட்டில் குறைகள் தென்பட்டன. வருத்தம் தரும் செய்திதான். ஆனால், அதற்குள்ளேயே ஒரு நம்பிக்கையும் உள்ளது. கண்ட பிழைகளுள் 96 விழுக்காடு ஆறே வகையைச் சேர்ந்தவை. மங்கிய எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத படிவக் கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், மொழி குறிக்காத பக்கம் ஆகியனவே அவை. இவற்றைத் திருத்தப் பெரும் பொருள் வேண்டா. அக்கறை வேண்டும்.

"அழகு கெட்டுவிடும்" என்பது மூன்றாம் தடை. படத்தின் விளக்கம் பக்கத்தின் உள்ளே இருப்பது. பார்ப்பவர் கண்ணில் அது படவே படாது. பிறகு அழகு எப்படிக் கெடும்?

நாங்கள் செய்து பார்த்தவை

பேசிக்கொண்டே இருந்தால் போதாது என்று, கணிப்பொறி ஆசிரியையிடம் இசைவு பெற்று, ஒரு மாலை ஆய்வகத்தில் சுட்டிகளையெல்லாம் கழற்றி வைத்தோம். விசைப்பலகையின் 'டேப்' விசையால் மட்டும் சில தளங்களைத் திறந்து பார்த்தோம். ஒன்றில் நன்றாகச் சென்றது. மற்றொன்றில் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியவில்லை. வேறொன்றில் விளம்பரம் ஒன்றுக்குள் புகுந்து வெளியே வர முடியாமல் தவித்தோம். அரை மணி நேரத்தில் எங்களுள் இருவருக்குக் கோபமும் ஒருத்திக்கு அழுகையும் வந்துவிட்டன. எங்களுக்கு அது அரை மணி நேரம். அக்காவுக்கு அது ஒவ்வொரு நாளும்.

அடுத்து, சென்ற ஆண்டு மலரில் உள்ள ஒரு படத்துக்கு விளக்கம் எழுத முயன்றோம். விளையாட்டு விழாப் படம் அது. 'விளையாட்டு விழா' என்று ஒருத்தி எழுதினாள். "அதுதான் தலைப்பிலேயே உள்ளதே" என்றாள் மற்றொருத்தி. 'மாணவியர் நிற்கிறார்கள்' என்றோம். எங்கே, எப்படி, என்ன செய்துகொண்டு? கடைசியில், 'மைதானத்து வேப்பமரத்தின் கீழே, வெள்ளைச் சீருடையில் நான்கு மாணவியர் தொடரோட்டக் கோலை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கின்றனர்' என்று எழுதி அக்காவுக்கு அனுப்பினோம். உடனே தொலைபேசியில் அழைத்தார். "அந்த வேப்பமரம் இன்னும் நிக்குதா பிள்ளைகளா? என் வகுப்புல நாங்க தண்ணி ஊத்தின மரம்லா அது!" என்றார். குரல் தழுதழுத்தது. ஒரு வரிதான் எழுதினோம். அந்த ஒரு வரியில் அவர் பள்ளிக்குள் வந்துவிட்டார்.

எங்கள் வேண்டுகோள்

கருத்துக் கூறுவது எளிது, செயல் அரிது என்பதை அறிவோம். ஆகவே, ஊருக்கு உபதேசம் செய்யும் முன், நம் மலரிலிருந்தே தொடங்க விரும்புகிறோம். மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களுக்கும் மலர்க் குழுவுக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் இது.

முதலாவதாக, இவ்வாண்டு மலரை இணையத்தில் ஏற்றும்போது, பக்கங்களின் படமாக மட்டும் ஏற்றாமல், யூனிகோடு எழுத்திலும் ஏற்ற வேண்டும். அச்சகத்தின் எழுத்துரு வேறாக இருந்தால் அதை மாற்றிக் கொடுக்கும் பணியையும், பிழை பார்க்கும் பணியையும் எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும். இரண்டாவதாக, ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பும் முறையாகத் தலைப்பு என்று குறிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் வேண்டும். படத்தில் உள்ள மாணவியரே தம் விளக்கத்தை எழுதித் தரலாம். நான்காவதாக, முடிந்ததும் அக்காவிடம் கொடுத்துக் கேட்கச் சொல்ல வேண்டும். அவருக்கு எது தேவை என்பதை நாமாக முடிவு செய்யாமல், அவரிடமே கேட்க வேண்டும். இந்த நான்காவதே முதன்மையானது என்பது எங்கள் எண்ணம்.

நம் வகுப்புகளில் கணிப்பொறி விரும்பிப் படிக்கும் தோழியர் பலர் உள்ளனர். நாளை அவர்களுள் சிலர் கோவில்பட்டியிலோ, சென்னையிலோ, கடல் கடந்தோ அமர்ந்து இணையதளங்களை அமைக்கப் போகிறார்கள். அன்று பொத்தான் ஒன்றை வைக்கும்போது, அதற்குப் பெயர் வைத்தோமா என்று ஒரு நொடி எண்ணிப் பார்த்தால் போதும். இந்தக் கட்டுரை வீண் போகவில்லை என்று மகிழ்வோம்.

கண்ணுக்காக மட்டும் வெட்டிய எழுத்துதான் எங்கள் மலையில் உள்ளது. இருந்தும், வெட்டியவர் எழுத்தை எழுத்தாகவே வெட்டியதால், அவர் கனவிலும் காணாத ஒரு பெண்ணின் விரலுக்கு அது எட்டியது. நாம் எழுதும் எழுத்தும் அவ்வாறே எட்டட்டும்.

அக்கா, இந்தக் கட்டுரையை உங்கள் கைப்பேசி இவ்வாண்டு உங்களுக்குப் படித்துக் காட்டும் என்று நம்புகிறோம். நாங்கள் வந்து வாசித்துக் காட்டமாட்டோம். நீங்களே கேட்டுவிட்டு, பிழை இருந்தால் எங்களைத் திட்டுங்கள்.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு